மயிலையில் இருளும் ஒளியும்

திருமயிலை விளக்கோடு பழந்தொடர்புடைய தலம். பூம்பாவையை எழுப்புதற்பொருட்டுத் திருஞானசம்பந்தப் பெருமான் அருளிய திருப்பதிகத்துள், இத்தலத்து விழாக்கள் முறையே எடுத்தோதப்படுகின்றன. அவற்றுள் கார்த்திகை விளக்கீடும் ஒன்று. என்பும் சாம்பலுமாய்க் குடத்துட் கிடந்தவளை உலகிற்கு மீட்டழைக்கும் பதிகத்தில் விளக்கு விழா இடம்பெற்றிருத்தல் கருதத்தக்கது. இவ்வூரிலே அவதரித்த வாயிலார் நாயனாரோ புறத்தே விளக்கேற்றினாரல்லர். நெஞ்சினுள்ளே கோயில் அமைத்து, அறிவையே திருவிளக்காக ஏற்றி, வாய் பேசாது வழிபட்டு வீடு பெற்றார் என்பது பெரிய புராணத்தாற் பெறப்படும்.

அம்மயிலையிலே, கபாலீசுரர் திருக்கோயிலினின்று நடந்து செல்லுந் தூரத்தில், ஒளியின் பெயராலேயே மற்றொரு வழிபாட்டிடம் நிற்கின்றது. ‘லஸ்’ என்று மக்கள் நாடோறும் வழங்கும் இடப்பெயர் போர்த்துக்கேய மொழியில் ஒளி என்று பொருள்படும் சொல்லின் திரிபேயாம். அங்குள்ள மாதா கோயில் ‘ஒளியின் அன்னை’ என்னும் பெயரால் எடுக்கப்பட்டது. தமிழ்க் கிறிஸ்தவர் பிரகாச மாதா கோயில் என்பர். ஒருகாலத்துச் சூழ்ந்திருந்த காடு பற்றி அதனைக் காட்டுக் கோயில் என்றும் ஊரார் வழங்குவர். கடலில் வழிதப்பி அலைந்த போர்த்துக்கேய மாலுமிகள் இரவிலே கரையில் ஓர் ஒளியைக் கண்டு, அதனைப் பின்பற்றி வந்து, அது மறைந்தவிடத்தே நன்றிக்கடனாக இக்கோயிலை எடுத்தனர் என்பது செவிவழிச் செய்தி. கோயிற் கல்வெட்டு கி. பி. 1516 என்னும் ஆண்டையும், பெத்ரோ த அத்தோகியா என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவியின் பெயரையும் தருகின்றது. போர்த்துக்கேயர் மயிலையிற் குடியேறத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் பின்னரேயாதலின், அவ்வாண்டினை ஐயுறும் வரலாற்றாசிரியரும் உளர். ஆண்டு எதுவாயினும், இருளில் அலைந்தோர் தாமாக வழி காணமாட்டாராய், புறத்தினின்று வந்த ஒளியொன்றாற் கரையேறினர் என்னும் அக்கதை, கிறிஸ்தவ மீட்புக் கொள்கையின் சுருக்கமாகவே அமைந்துவிட்டது.

அக்கொள்கையை அவர்தம் நூல்வழியே நோக்குவாம். விவிலியத்தின் முதனூலாகிய ஆதியாகமம் ஆழத்தின்மீது இருள் சூழ்ந்திருந்ததைக் கூறி, ஞாயிறு திங்கள் படைக்கப்படுமுன்னரே ஒளி தோன்றிற்றென்று சொல்லும். யோவான் எழுதிய சுவிசேஷமோ, படைப்புக்கு முன்னிருந்த வார்த்தையே மனிதர்க்கு ஒளி என்றும், அவ்வொளி இருளிலே விளங்குகின்றதென்றும், அதுவே ஊனுடம்பு கொண்டு இயேசுவாய் வந்ததென்றும் தொடங்குகின்றது. கி. பி. 325-இல் நைசீயா நகரிற் கூடிய பேரவை, தந்தையினின்று மகன் தோன்றுதலை ஒளியினின்று ஒளி தோன்றுதலோடு ஒப்பிட்டு வரையறுத்தது. ஞாயிறும் கதிரும்போற் சிவமும் சத்தியும் என்று கேட்டுப் பழகிய சைவர்க்கு இவ்வுவமை புதுமையன்று.

முற்காலத்துக் கிறிஸ்தவர் ஞானஸ்நானத்தை ‘ஒளியூட்டல்’ என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொல்லாலேயே வழங்கினர். நான்காம் நூற்றாண்டில் எருசலேமில் நிகழ்ந்த முறையைச் சிரில் என்னும் ஆயர் விளக்கியுள்ளார். தீக்கை பெறுவோர் முதலில் மேற்றிசை நோக்கி நிறுத்தப்படுவர். அஃது இருள் தோன்றும் திசை. கை நீட்டிச் சாத்தானைத் துறந்ததாகச் சூளுரைத்தபின், கீழ்த்திசை நோக்கித் திரும்பித் தம் நம்பிக்கையை அறிக்கையிடுவர். உடம்பு திரும்புதலே உயிர் திரும்புதற்கு அடையாளமாயிற்று. இன்றும் உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய இரவிலே, கத்தோலிக்கக் கோயில்களில் விளக்கனைத்தும் அவித்து, புதுத்தீ மூட்டி, அதனின்று ஒரு பெருந்திரியை ஏற்றி, அவ்வொரு சுடரினின்றே அனைவர் கைத்திரிகளும் ஏற்றப்படுகின்றன. சாந்தோம் தலைமைக் கோயிலிலும் லஸ் கோயிலிலும் நிகழ்வது இதுவே.

இதுகாறும் கூறியவற்றிற் சைவர்க்கு மாறுபாடு தோன்ற இடமில்லை. மாறுபாடு சொல்லினின்று பிறந்தது.

மதுரையில் 1606 முதல் தொண்டாற்றிய இராபர்ட் டி நொபிலி என்னும் இத்தாலியப் பாதிரியார் தத்துவ போதகர் என்னும் பெயர் பூண்டு, தமிழ் உரைநடையிற் பல நூல்கள் இயற்றினார். அவர் கிறிஸ்துவைச் சற்குரு என்னும் சொல்லாற் சுட்டினமை குறிப்பிடத்தக்கது. அறியாமையிருளை நீக்க இறைவன் குருவடிவில் எழுந்தருளுவான் என்னும் கருத்துத் தமிழர் நெஞ்சில் வேரூன்றியிருந்ததை அவர் நன்குணர்ந்திருந்தார். ஞானோபதேச காண்டம் என அவர் தம் நூலுக்கிட்ட பெயரிலும் ஞானம் என்னும் சொல் நிற்கின்றது. ஆயினும் மறுபிறப்பை மறுத்துத் தனிநூலும் செய்தார். அம்மறுப்பு ஏன் அவர்க்கு இன்றியமையாததாயிற்றென்பது பின்னர் விளங்கும். இறுதிக் காலத்திற் கண்ணொளி பெரிதும் குன்றியவராய் மயிலாப்பூர் வந்து தங்கி, 1656-இல் இங்கேயே உயிர் நீத்தார். இருவேறு ஒளிகளின் ஊரிலே, தம் கண்ணில் ஒளியின்றி அவர் வாழ்ந்த அவ்வாண்டுகளை நினையுங்கால், திருவொற்றியூரிற் கண்ணிழந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் ஒரு கண்ணும் பெற்ற நம்பியாரூரர் நினைவுக்கு வருதல் இயல்பு.

ஞானம் என்னும் சொல் எடுத்தாளப்பட்டபோதே அதன் எதிர்ச்சொல்லும் உடன் சென்றது. கிறிஸ்தவரல்லாதார் அஞ்ஞானிகள் எனப்பட்டனர். தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் நிறுவிய சீகன்பால்கு ஐயர் 1713-இல் வெளியிட்ட சிறுநூலின் பெயரே ‘அக்கியானம்’ என்பது. அது தமிழர் வழிபாட்டைக் கண்டிக்க எழுந்தது. அஞ்ஞானம் என்பது சித்தாந்தத்தில் உயிர்கள் அனைத்தையும், கற்றோர் கல்லாதோர், சைவர் அல்லாதோர் என்னும் வேறுபாடின்றி, அநாதியே பற்றிநிற்கும் மலத்தின் காரியத்தைக் குறிக்குஞ் சொல். அஃது இப்பொழுது ஒரு கூட்டத்தாரை மற்றொரு கூட்டத்தாரினின்று பிரிக்கும் வேலியாக மாறிற்று. சைவ நூல்களின் கருவூலத்தினின்று எடுத்த சொல்லொன்று சைவர்மீதே எறியப்பட்டதெனல் மிகையன்று. அதே சீகன்பால்கு தமிழ் நூல்களை ஆர்வத்தோடு திரட்டிக் கற்றவர் என்பதும், தமிழர் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூலை அச்சிட அவர்தம் நாட்டுத் தலைவர்கள் விரும்பவில்லை என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கன.

அற்றேல், கிறிஸ்தவர் கூறும் இருளும் சித்தாந்தி கூறும் இருளும் ஒன்றோ எனின், ஆராய வேண்டுவது அதுவே.

இருள் என்பது யாது? தார்க்கிகர் அது தனிப்பொருளன்று, ஒளியின் அபாவமே என்பர். பாட்ட மீமாஞ்சகர் அதனைப் பொருள் என்றே கொள்வர். மேனாட்டில் இவ்வழக்கு உயிர்ப்பொருளை ஒட்டி எழுந்தது. மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்துத் தோன்றிய மானி என்பார், ஒளியும் இருளும் என்றுமுள்ள இரு முதல்கள். அவை தம்முட் போர் புரிவன. அப்போரின் களமே உலகம் என்றார். பின்னர்க் கிறிஸ்தவத்தின் பேராசிரியராக விளங்கிய அகுஸ்தீனார் (354–430) இளமையில் ஒன்பது ஆண்டு இக்கொள்கையைக் கேட்டொழுகியவர். அதனை விட்டு நீங்கியபின் அவர் கண்ட முடிபு, தீமை என்பது தனிப்பொருளன்று, நன்மையின் குறைவே என்பது. நல்லவனாகிய இறைவன் ஒருவனே அனைத்தையும் படைத்தான் எனின், தீமையைப் பொருளாகக் கொள்ளும் வழி அவர்க்கு இல்லை. உயிர் தன் உரிமையால் இறைவனினின்று முகந்திரும்பிற்று, அத்திரும்புதலே இருள். முதல் மனிதன் செய்த அப்பிழையின் விளைவு வழிவழி அனைவரையும் பற்றிற்று. இதுவே மேற்றிசைக் கிறிஸ்தவத்தின் பெருவழக்காயிற்று.

சித்தாந்தமோ இருள்மலம் பொருளே என்னும். அது குணமாயின் உயிரின் குணமாகி நீங்காதொழியும். அபாவமாயின் மறைத்தற்றொழில் செய்யமாட்டாது. கண்ணிற் படலம்போல அது திரவியமாதலினாலேயே, மருத்துவன் கருவியால் உரித்தல்போலத் தீக்கையாகிய செயலால் அதன் வலி நீக்கற்பாலதாகும் என்று ஆகமங்கள் கூறும். செம்பிற் களிம்பும் நெல்லில் உமியும் யாவரும் அறிந்த உவமைகள். இவ்வாறு மலத்தை அநாதிப் பொருளாகக் கொள்வது மானியின் கொள்கையே அன்றோ என்று கிறிஸ்தவர் கடாவலாம். அன்று. மானியின் இருள் இறைவனை எதிர்த்து எழும் அறிவுடைய பகை. ஆணவமோ சடம், பதியை ஒருகாலும் தீண்டாது, பசுவையே பற்றும். அதன் வலியைப் பக்குவப்படுத்தும்பொருட்டு இறைவனது சத்தியே மறைப்பாற்றலாய் நின்று நடத்தலின், மறைத்தலும் அருளின் கூறாகின்றது. ஏசாயா என்னும் யூத தீர்க்கதரிசியின் நூலும் ஒளியை உருவாக்குவோனும் இருளைப் படைப்போனும் ஒருவனே என்று கூறுதலை ஈண்டு ஒப்பிடுக. ஆயினும் அங்கு இருள் படைக்கப்பட்டது, இங்குப் படைக்கப்படாதது. ஒற்றுமை அவ்வளவின் நின்றுவிடும்.

இவ்வேறுபாடு வெறுஞ் சொற்போரன்று. இருள் உயிரின் குற்றமாயின், ஒளி முதலிற் செய்வது குற்றம் உணர்த்தலும் மன்னித்தலுமாம். இருள் உயிரின் கட்டாயின், ஒளி செய்வது பக்குவம் நோக்கி அவிழ்த்தலாம். ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட பயண நூலில், பயணியின் முதுகிற் பெருஞ்சுமை ஒன்று இருக்கின்றது. வாயில் எங்கே என்று அவனால் காண இயலவில்லை. தொலைவில் ஓர் ஒளி மட்டும் தெரிகின்றதென்று சொல்லி அதனை நோக்கி நடக்கின்றான். சுமை சிலுவையடியிலே கழன்று விழுகின்றது. இதனைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை 1894-இல் வெளியிட்டார். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்து, சென்னையிலே 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். கம்பன் நடை தோய்ந்த அக்காப்பியத்துட் சுமை என்னும் கருத்து மாறவில்லை. சுமப்பவன் சுமையை அறிவான். களிம்பேறிய செம்போ தன் களிம்பை அறியாது. இவ்விரண்டு உவமைகளின் இடையே உள்ள தூரமே இரு சமயங்களின் இடையே உள்ள தூரம்.

மறுபிறப்பும் இதனோடு ஒட்டியதே. களிம்பு ஒரு பிறவியில் தேயாதாயிற் பல பிறவி வேண்டும். கன்மமும் மாயையும் அதற்கே உதவியாக வந்தன. மன்னிப்புக்கோ ஒரு கணமே போதும். ஒரு வாழ்நாளே அதற்குக் காலம். ஆதலின் நொபிலி மறுபிறப்பை மறுத்தது விதண்டையன்று. அவர் கொண்ட மீட்பு அதனையே வேண்டிற்று. மற்று, அவ்வொரு வாழ்நாளில் ஒளியை மறுத்தோர்க்குப் புறத்திருள் என்றுமுளதாம் என்னும் கொள்கையைச் சைவர் ஏற்க ஒருப்படார். நிரயம் சித்தாந்தத்தில் வினை நுகர்ந்து கழிக்கும் இடமேயன்றி முடிவில்லாச் சிறையன்று.

இக்கருத்துக்கள் நேருக்குநேர் நின்று பொருதது பத்தொன்பதாம் நூற்றாண்டில். யாழ்ப்பாணத்து வெசுலியன் பள்ளித் தலைவர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைப் புதிதாக மொழிபெயர்த்தபோது உடனிருந்து திருத்தியவர் ஆறுமுக நாவலர். அது சென்னையில் 1850-இல் அச்சாயிற்று. கிறிஸ்தவ வேதத்தை வரிவரியாகத் தமிழாக்கத் துணைநின்ற அக்கையே 1854-இல் சைவ தூஷண பரிகாரத்தை எழுதிற்று. அந்நூலின் ஆற்றல் அப்பயிற்சியால் வந்ததே. சைவக் கிரியைகளைப் பழிப்போர் வேதத்திலேயே விளக்கும் தூபமும் திருமுழுக்கும் கோயிற்சடங்கும் இருத்தலை நாவலர் எடுத்துக் காட்டினார். பிற்காலத்துப் பெருவழக்கான தமிழ் விவிலியத்தில், இருள் ஒளியைப் ‘பற்ற’வில்லை என்னும் பொருள்பட ஓரிடம் உளது. மூலத்துக் கிரேக்க வினைச்சொல் உணர்தல், மேற்கொள்ளுதல் என்னும் இருபொருளும் தருவது. தமிழ்ச் சொல்லும் அங்ஙனமே பல பொருள் தாங்கி நிற்றல் ஒரு நற்பேறு. அன்றியும் பற்று என்பது சைவர் செவியிற் பாசத்தையும் நினைவூட்டும்; இது மொழிபெயர்த்தோர் கருதியதோ அன்றோ, படிப்போர்க்குப் பயன்படுகின்றது.

அந்நூற்றாண்டின் இறுதியிற் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கிற்று. ஹோய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் சிவஞானபோதம், சிவப்பிரகாசம் முதலியவற்றை முன்னரே ஆங்கிலத்திற் பெயர்த்திருந்தார். சென்னையில் 1897-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை தொடங்கிய ஆங்கிலத் திங்கள் இதழுக்கு உண்மை விளக்கொளி எனப் பொருள்படும் பெயரும், சித்தாந்த தீபிகை என்னும் பெயரும் ஒருங்கே அமைந்தன. இருளில் உள்ளோர் என்று எண்ணப்பட்டவர் விளக்கையே தம் இதழின் பெயராக்கினர். அவ்விதழுக்கு எழுதியவருள் ஜி. யு. போப்பையரும் ஒருவர். 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட அவர், மணிவாசகர் கண்ணீரைப் புறச்சமயத்தார் கண்ணீர் என்று ஒதுக்கவில்லை. எனினும் தம் கொள்கையினின்று அவர் அணுவும் பிறழ்ந்தவரல்லர். அவர் பாராட்டுக்கு மதிப்புத் தருவது அதுவே.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்குக் கிறிஸ்தவருள்ளேயே எழுந்தது. 1938-ஆம் ஆண்டு டிசம்பரில் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியில் உலகப் பாதிரிமார் பேரவை கூடிற்று. ஒல்லாந்தராகிய ஹென்றிக் கிரேமர், கிறிஸ்துவிற் றோன்றிய வெளிப்பாட்டிற்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்னும் பெருநூலொன்றை அதன்பொருட்டு எழுதினார். சென்னை நகரத்துக் கிறிஸ்தவ அறிஞர் சிலர் அதற்கு உடன்படாது, இந்தியாவிற் கிறிஸ்தவத்தைப் புதிதாக எண்ணல் வேண்டுமென அவ்வாண்டே ஒரு தொகுப்பு வெளியிட்டனர். அவருள் வழக்கறிஞரும் தொழிலாளர் தலைவருமாய்ப் பின் சென்னை மேயராய் விளங்கிய வி. சக்கரைச் செட்டியாரும், புதுக்கோட்டையில் தலைமை நீதிபதியாயிருந்த பி. செஞ்சையாவும் முதன்மையானவர். சக்கரையார் கிறிஸ்துவை அவதாரம் என்னும் சொல்லால் விளக்கினார். கருவிற் புகுந்து பிறத்தலைச் சிவபெருமானுக்கு ஏற்றாத சைவர்க்கு அச்சொல்லினும், முந்நூறாண்டு முன் நொபிலி கொண்ட குரு என்னும் சொல்லே அணுக்கமானது. சைவக் குடியினின்று கிறிஸ்தவரான தந்தைக்குப் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் சுவிசேஷத்தைப் பத்தி நெறி நூலாகக் கண்டு 1927-இல் எழுதினார். ஒவ்வொரு மனிதனையும் விளங்கச் செய்யும் ஒளி என்று அச்சுவிசேஷம் கூறுதலின், அவ்வொளி தமிழ் அடியார் நெஞ்சில் விளங்கவில்லை என்பது எங்ஙனம் என்பதே இவர்கள் வினாவின் உள்ளீடு. இரண்டாம் நூற்றாண்டில் யவன ஞானிகளைக் குறித்து ஜஸ்டின் என்பாரும் இவ்வாறே எண்ணியிருந்தார். கத்தோலிக்கத் திருச்சபை 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட சாற்றுரையில், பிற சமயங்கள் அவ்வுண்மையின் கதிரொன்றைப் பலகாற் காட்டுகின்றன என்று ஒப்புக்கொண்டது. கதிர் என்றது, ஞாயிறு என்றிலது. அச்சொல்லளவை கவனிக்கத்தக்கது.

இரு நெறியும் மிக நெருங்கும் இடம் யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரம் எனலாம். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட மாணாக்கர், இவன் குருடனாய்ப் பிறத்தற்குப் பிழை செய்தவன் இவனோ, இவன் பெற்றோரோ என்று வினவுகின்றனர். பிறக்குமுன்னரே ஒருவன் பிழை செய்தல் எங்ஙனம் என்று தமிழர் உடனே கேட்பர். முற்பிறவி கொள்ளாத சமயத்தில் அவ்வினா எழுந்ததே வியப்பு. இருவருமல்லர் என்பது இயேசுவின் விடை. குற்றம் ஆராயப்படவில்லை. மண்ணைக் குழைத்துக் கண்ணிற் பூசி, குளத்திற் கழுவச் செய்து, பார்வை தருகின்றார். சுமை இறக்குதலினும் படலம் உரித்தலோடு இது மிக ஒத்திருத்தல் வெளிப்படை.

அதிகாரம் அவ்வளவில் முடியவில்லை. தாமும் குருடரோ என்று பரிசேயர் சினந்து கேட்ப, காண்கிறோம் என்று நீவிர் சொல்லுதலின் உம் பிழை நிலைத்தது என்னும் கருத்துப்பட விடை வருகின்றது. பதினான்காம் நூற்றாண்டிற் கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இருள்மல நிலை என மூன்றாம் அதிகாரம் வகுத்தபோது, புறவிருளினும் ஆணவம் கொடியதாதற்குக் கூறிய காரணமும் இத்திறத்ததே. உலகத்து இருள் பிறவற்றை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ பிறவற்றோடு தன்னையும் மறைத்துக்கொள்ளும். நடுப்பகலில் ஆந்தை காண்பது இருளே என்னும் உவமையையும் அவர் எடுத்தாளுகின்றார். மிக்க ஒளி வௌவாற் கண்ணுக்கு இருளாதலை யவனத்து அரிஸ்டாட்டிலும், அவரை வழிமொழிந்து பதினாறாம் நூற்றாண்டில் இசுபானியத் துறவி சிலுவை யோவானும் கூறினர். திருவருட்பயனில் இருள்மல நிலைக்கு அடுத்து நிற்கும் அதிகாரத்தின் பெயர் அருளது நிலை.